சீரோடு போன இத்தாலிப் பெட்டி

1967-ஆம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு காலை. காரைக்குடியில் எங்கள் வீட்டு அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு பழுப்பு உறையைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தேன். அதற்குள் இருக்க வேண்டியவை இரண்டு. இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த பட்டச் சான்றிதழ் ஒன்று. நாலு வருஷம் உட்கார்ந்து எழுதிய ஆய்வேட்டின் பிரதி இன்னொன்று. ஆனால் விழுந்தவை, வகுப்பில் நான் கிறுக்கிய குறிப்புத் தாள்கள். மறுபடி உதறினேன். உறை கிழிந்ததுதான் மிச்சம்.

அன்று காலைத் தபாலில்தான் அந்தக் கடிதம் வந்திருந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழித் துறை புதிதாகத் தொடங்குகிறார்கள். விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். அசல் சான்றிதழும் ஆய்வேடும் கையில் இல்லாமல் வந்தால் பிரயோஜனம் இல்லை. பன்னிரண்டு நாள் இருந்தது. ரயிலிலேயே மூன்று நாள் போய்விடும். இத்தாலிக்கு எழுதி நகல் வாங்குவதென்றால் இரண்டு மாதமாவது ஆகும். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் ஐப்பசியில் என்னை மலேயாவுக்குக் கப்பல் ஏற்றி, அங்குள்ள கடையில் உட்கார வைத்துவிடுவது என்று அப்பச்சி முடிவு செய்திருந்தார். எங்கள் வீட்டில் தகப்பனாரை அப்பச்சி என்றும் தாயாரை ஆத்தா என்றும்தான் கூப்பிடுவோம். அப்பச்சி ஒன்றை முடிவு செய்தால் செய்ததுதான்.

எனக்கு இத்தாலிப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சமையற்கட்டில் பருப்பு டின் அடுக்கும் பலகைகள் எல்லாம், எந்தக் காலத்திலோ நிலைக்கண்ணாடி வந்து இறங்கிய மரப்பெட்டியின் பலகைகள். அவற்றில் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருக்கும். ஏ, பி, சி, டி தெரிந்தவர்கள் எழுத்தைக் கூட்டுவார்கள். அர்த்தம் ஒருத்தருக்கும் தெரியாது. சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு அரிப்பு. காலேஜ் முடித்ததும், இத்தாலி அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுக்கிறது என்று பேப்பரில் பார்த்து எழுதிப்போட்டேன், கிடைத்துவிட்டது. நாலு வருஷம் கழித்துப் பட்டத்தோடு திரும்பி வந்தேன். அந்தப் பலகையில் எழுதியிருந்தது ‘உடையும் பொருள், இந்தப் பக்கம் மேலே’ என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். அதைத் தவிர அந்தப் படிப்பால் காரைக்குடியில் வேறு உபயோகம் ஒன்றும் இல்லாமல் ஒன்றரை வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான், தை மாதத்தில், தங்கைக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான்களை எல்லாரும் பார்க்கிற மாதிரி கூடத்தில் பரப்பி வைப்பார்கள். வெள்ளி, பித்தளை, எனாமல், பாய், தலையணை என்று கால் வைக்க இடம் இருக்காது. உறவுக்காரர் ஒருவர் அதையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நாலு வருசம் இத்தாலியில இருந்தீகளே தம்பி, தங்கச்சிக்கு அங்குட்டுருந்து என்ன கொண்டாந்தீக?”

நான் கொண்டுவந்தது புத்தகங்கள். அதை எப்படிச் சொல்வது? சுருக்கென்றது. நேரே மாடிக்குப் போனேன். இத்தாலியில் ஆசை ஆசையாக வாங்கிய என் தோல்பெட்டியை, பித்தளைப் பூட்டு வைத்த அந்தப் பெட்டியை, அஞ்சு நிமிஷத்தில் காலி செய்தேன். உள்ளே இருந்ததை அலமாரியில் திணித்துவிட்டு, பெட்டியைக் கொண்டுவந்து சீரின் நடுவில் வைத்தேன். எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பெட்டியின் அடித்துணிக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்த பழுப்பு உறையை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான் எடுத்தது அதே கடையில் வாங்கிய இன்னொரு உறை.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சீரை லாரியில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொத்தமங்கலம் போனோம். பெரிய வீடு. மாப்பிள்ளையின் தாயாருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்த மாட்டார்கள், ஆனால் வீடே அவர்கள் கண்ணசைவில் நடக்கும். வந்தவர்களையெல்லாம் கூடத்துக்கு அழைத்துப் போய், அங்கே பதித்திருந்த பளிங்குத் தரையைக் காட்டி, “இது இத்தாலிக் கல்லு” என்றார்கள். கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். இத்தாலியில் படித்தவன் ஆயிற்றே, ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நான் குனிந்து, விரலால் தேய்த்து, நிமிர்ந்து, “இது இத்தாலிக் கல்லே இல்லை. இத்தாலிக் கல் வெள்ளை வெளேரென்று, சாம்பல் ரேகை ஓடியிருக்கும். இது பம்பாய்ப் பக்கத்துச் சரக்கு. யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்” என்றேன்.

நான் இத்தாலியில் படித்தது கவிதையும் நாடகமும். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நாள் உல்லாசப் பயணத்தில் ஒரு மலையடிவாரத்தில் பார்த்ததுதான். அந்த அம்மா “இலை போட்டாச்சு, சாப்பிட வாங்க” என்று மட்டும் சொன்னார்கள்.

கிழிந்த உறையோடு தரையில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஆத்தாவிடம் போய்ச் சொன்னேன். ஆத்தா வாயில் அடித்துக்கொண்டார்கள். “சீராப் போன பெட்டியத் திரும்பக் கேக்கப் போறியா? பொண்ணு அங்க வாழணுமா வேண்டாமாடா?”

“பெட்டி வேண்டாம் ஆத்தா, உள்ளே இருக்கிற காகிதம்தான் வேணும்” என்று கெஞ்சினேன். அடுத்த பஸ்ஸில் கொத்தமங்கலம் போனேன்.

அந்த வீட்டு நடு முற்றத்தைச் சுற்றி அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவனுக்கும் மருமகளுக்கும் என்று ஒரு அறையை ஒதுக்கிவிடுவார்கள். பெண் கொண்டுவந்த சீர் முழுவதும் அதில்தான் இருக்கும். சாவி மருமகளிடம். தங்கையும் மாப்பிள்ளையும் சித்திரையிலேயே பினாங்குக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அறையில் பூட்டு தொங்கியது. சாவி கடலுக்கு அந்தப் பக்கம்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை மாப்பிள்ளையின் தாயாரான ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வயதில் பெரிய பெண்களை மரியாதையாக ஆச்சி என்போம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கடைசியில் சொன்னார்கள்: “மருமக இல்லாதப்ப அவ அறையத் தொறக்குற பழக்கம் இந்த வீட்டுல இல்லை தம்பி. அவுகளுக்குத் தந்தி குடுத்துக் கேளுங்க.”

தந்தி கொடுத்தேன். அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தபாலாபீஸ் வாசலில் போய் நிற்பேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. ஆத்தா இட்லியும் பொடியும் வைத்தால் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்திருக்கிறேன். செக்காலைப் பக்கம் நடந்து போனால், எதிரில் வருகிறவர் “எங்குட்டுப் போறீக?” என்று கேட்டால் பதில் தெரியாமல் திரும்பி வருவேன். அப்பச்சியோ, கப்பல் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை மட்டும் நான் பார்க்கிற மாதிரி மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. சாவி தன்னிடம் இருக்கிறது, அத்தை சொன்னபடி செய்யுங்கள் என்று தங்கை தந்தி அடித்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு மறுபடி கொத்தமங்கலம் ஓடினேன். போன முறை கவனிக்காத ஒன்றை அன்று கவனித்தேன். கூடம் முழுவதும் சுவருக்குச் சுவர் ஜமக்காளம் விரித்திருந்தது. இந்தப் புழுக்கத்தில் எதற்கு இப்படி என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

“பூட்டை உடைத்துவிடலாம் ஆச்சி. அதைவிட நல்ல பூட்டு நான் வாங்கித் தருகிறேன்” என்றேன்.

முதல் தடவையாக அவர்களுக்குக் கோபம் வந்ததைப் பார்த்தேன். “பூட்டு வாங்க எங்களுக்கு வழி இல்லைன்னா நினைச்சீக? புருசனும் பொஞ்சாதியும் கடல் தாண்டி இருக்கையில அவுக அறைப் பூட்டை உடைச்சா அது நல்லதுக்கா? ஊரு என்ன பேசும்? உங்க தங்கச்சியத்தான் பேசும். நாலு நாள் கழிச்சு வாங்க.”

நாலு நாள்! ரயில் பயணம் போக எனக்கு மொத்தமே அஞ்சாறு நாள்தான் இருந்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள், தரையைப் பற்றி நான் சொன்னதற்குப் பழி வாங்குகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த நாலு நாளும் மனசுக்குள் அவர்களோடு எத்தனை சண்டை போட்டேன் என்று கணக்கில்லை. படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்றும், பளிங்கைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் என்றும் திட்டித் தீர்த்தேன். இத்தாலிய மொழியில்கூடத் திட்டினேன். அதற்காவது அந்தப் படிப்பு உதவியது.

நாலாம் நாள், சாயங்கால ரயிலுக்குத் துணிமணியைக் கட்டி வைத்துவிட்டு, காலை பஸ்ஸில் போனேன். அங்கே முற்றத்தில் ஒரு ஆசாரி உளியோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக் கதவுகளைச் செய்த குடும்பத்து ஆள். ஒக்கூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தவரைத் தேடி ஆள் அனுப்பி, அந்த வேலை முடியக் காத்திருந்து கூட்டி வந்திருந்தார்கள். நாலு நாள் கேட்டது அதற்குத்தான்.

அந்தக் காலத்துக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் குடுமி மாதிரி மரம் நீண்டிருக்கும். அது நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுற்றும். ஆச்சி கதவுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். ஆசாரி மேல் குடுமியைப் பிடித்திருந்த கட்டையை மெல்ல மெல்லத் தட்டி எடுத்து, கதவை நெம்பித் தூக்கினார். நாதாங்கியும் பூட்டும் ஒரு பக்கம் அப்படியே இருக்க, இன்னொரு பக்கம் கதவு வழிவிட்டது. பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

“இப்பப் போங்க தம்பி. பூட்டின அறை பூட்டினபடிதான் இருக்கு. அவ இல்லாம நான் உள்ள கால் வைக்க மாட்டேன்” என்று டார்ச் லைட்டை என் கையில் கொடுத்துவிட்டு, முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒருக்களித்து உள்ளே நுழைந்தேன். பட்டப்பகலிலும் இருட்டு. என் பெட்டி மேலே, சுவரோரத்துப் பலகைமேல் இருந்தது. அதன் இரண்டாவது சாவி எப்போதும் என் கொத்தில் கிடக்கும். இறக்கினேன், திறந்தேன், அடித்துணிக்குக் கீழே கையை விட்டேன். உறை இருந்தது. சான்றிதழ், ஆய்வேடு, எல்லாம் இருந்தன. அழுகையே வந்துவிட்டது.

பெட்டியைத் திரும்ப வைக்க டார்ச்சைத் தூக்கினேன். வெளிச்சம் பலகையின் விளிம்பில் விழுந்தது. கறுப்பு மையில் எழுத்து. எங்கள் சமையற்கட்டில் பார்த்தது போலவே ஒரு பெட்டிப் பலகை. இத்தாலிய மொழியில், ‘தரைக்குப் பளிங்குக் கற்கள், கவனம்’ என்று இருந்தது. கீழே அந்தக் கற்கள் கப்பலேறிய இத்தாலியத் துறைமுகத்தின் பெயர். அதற்கும் கீழே, ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. அந்த வீட்டுக்காரர்கள் பெயருக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகப் போடுகிற விலாசம் அது.

அந்த ஜில்லாவில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன். அந்தத் தரை இத்தாலிக் கல் இல்லை என்று சொன்னவனும் நான்தான்.

வெளியே வந்தேன். “இருந்துச்சா?” என்றார்கள். “இருந்தது ஆச்சி” என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரி இருந்தார், வேலைக்காரர்கள் இருந்தார்கள், பக்கத்து வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்திருந்தார்கள். தரையைப் பற்றிய உண்மை வாய்வரைக்கும் வந்தது. “பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆச்சி” என்றுதான் சொன்னேன். ரயிலுக்கு என்று ஒரு டப்பா நிறையச் சீப்புச் சீடையைக் கையில் கொடுத்து, “நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்றார்கள்.

அன்றைக்கு என்று பார்த்து அந்த பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். நிறுத்தத்திலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டு முகப்பு தெரியும். அங்கேயே நின்றேன். திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர எத்தனையோ தடவை நேரம் இருந்தது. போகவில்லை.

வேலை கிடைத்தது. துறை வளர்ந்தது, நானும் வளர்ந்தேன். அகரவரிசையில் தொடங்கிய பையன்கள் கவிதை படிக்கிற அளவுக்கு வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இத்தாலிக்கே போனார்கள். எங்கேயாவது மேடையில் என்னை ‘இத்தாலியப் பண்பாட்டை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர்’ என்று சொல்வார்கள். உடனே நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. அந்தப் பலகை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவை காரைக்குடி வருவேன். கொத்தமங்கலம் மட்டும் போக மாட்டேன். ஏதாவது ஒரு சாக்குச் சொல்வேன்.

1974-இல், மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அறுபது வயது நிறைந்து, எங்கள் பக்கத்தில் சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம் வந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் குழந்தைகளோடு பினாங்கிலிருந்து வந்திருந்தார்கள். தட்ட முடியவில்லை, போனேன். கூடத்தில் அதே ஜமக்காளம், ஓரம் நைந்து கிடந்தது.

“இதை ஏன் எடுக்கவே மாட்டேன்கிறார்கள்?” என்று தங்கையிடம் சும்மாதான் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதாண்ணே? எங்க கல்யாணத்துல நீங்க சொல்லிட்டுப் போனீகள்ல, அன்னைக்குச் சாயங்காலம் விரிச்சது. யாரையும் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய்த் தரையக் காட்டுறதும் அன்னையோட நின்னுபோச்சு. என்கிட்ட ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லை.”

என் தங்கையைக் குத்திக்காட்ட ஏழு வருஷம் அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. ஒரு நாளும் செய்யவில்லை.

பந்தி முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று நான் சொன்னதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். சீருக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டாரே, அவரும் இருந்தார். நான் எழுந்து நின்றேன். இந்தத் தரை இத்தாலிக் கல்தான், நான் தெரியாமல் உளறினேன், அந்த அறைப் பலகையில் எழுதியிருப்பதை என் கண்ணால் படித்தேன், படித்த பிறகும் சொல்லாமல் ஓடினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி என்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

ஆச்சி கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்தார்கள்.

“கல்லு மாட்டு வண்டியில வந்து இறங்கையில நான் இந்த வீட்டுக்குப் புதுப்பொண்ணு தம்பி. ஒவ்வொரு பொட்டியும் இறங்குறத நின்னு பாத்தவ. நீங்க சொல்லியா எனக்குத் தெரியணும்?” என்றார்கள். தொடர்ந்தார்கள்: “அந்தப் பலகைய நீங்க படிச்சதும் எனக்குத் தெரியும். அறையவிட்டு வெளிய வாரப்பவே உங்க முகத்துல இருந்துச்சு. சொல்லுவீகன்னு பாத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டீக. அப்புறம் முக்கால் மணி நேரம் ரோட்டுலயே நின்னீக. அதையும் இங்குட்டுருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

ஆச்சி மருமகளைத் திரும்பிப் பார்த்து, “அந்த ஜமக்காளத்தைச் சுருட்டம்மா” என்றார்கள்.

தங்கை ஒரு முனையைப் பிடித்தாள். இன்னொரு முனையை நான் போய்ப் பிடித்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஒதுங்க ஒதுங்க, நாங்கள் சுருட்டிக்கொண்டே போனோம். ஏழு வருஷமாக வெளிச்சம் படாத தரை, கொஞ்சமும் மங்காமல் அப்படியே இருந்தது. குழந்தைகள் உடனே அதில் சறுக்கி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது. மாணவர்களிடம் எதையும் அடித்துச் சொல்லும் முன், ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லும் பழக்கம் கடைசிவரை என்னோடு இருந்தது. அதைப் பணிவு என்று அவர்கள் நினைத்தார்கள். அது பயம். அந்த முற்றத்தில் ஒரே ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்திருக்க வேண்டியதற்கு ஏழு வருஷம் எடுத்துக்கொண்டேன் என்பதும், அந்த ஏழு வருஷமும் ஒருவர் தன் வீட்டுத் தரையைத் தானே மூடி வைத்திருந்தார் என்பதும், இன்றைக்கும் எந்த பஸ் நிறுத்தத்திலும் என்னை நிம்மதியாக நிற்கவிடுவதில்லை.